T என்றால் தாம்பரமாம்

வியாழன், இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் திரை முழுக்க NA, NA என்று நின்றது. விடை இல்லையாம். ஆழ்துளைக் கிணறுகளின் உப்பு அளவுக்குச் சராசரி போட R என்ற நிரல்மொழியில் நான் எழுதிய ஃபங்ஷன் அது. இரண்டு வருடமாகப் பிசகாமல் ஓடுகிறது. "நிர்மலா, ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு வர மாட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

சாப்பிடாமல் தேடினேன். R மொழியில் T என்றால் 'ஆம்'. அளவு விடுபட்ட கிணறுகளை ஒதுக்கச் சொல்ல, ஃபங்ஷனுக்குள் T என்றுதான் போட்டிருந்தேன். மீட்டிங் கம்ப்யூட்டரில் காலையில் என் ஜூனியர் தினேஷ் தன் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு R-ஐ மூடாமல் போயிருக்கிறான். அதில் ஊருக்கு ஓர் எழுத்து: படப்பைக்கு P, கேளம்பாக்கத்துக்கு K. T-க்குப் பூஜ்யம். என் ஃபங்ஷன் வெளியே போய் அந்தப் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டது. பூஜ்யம் என்றால் R-க்கு 'இல்லை'. 'ஆம்' என்பது 'இல்லை' ஆகி, விடுபட்ட கிணறுகளும் சேர்ந்து சராசரியே NA ஆகிவிட்டது.

"இன்னாக்கா, T-ன்னா தாம்பரம்தானே? டேட்டா வரல, அதான் ஜீரோ போட்டு வச்சேன்" என்று சிரிக்கிறான்.

"ஊர் பேரை முழுசா எழுதினா விரல் தேஞ்சிடுமாடா?" என்று கத்திவிட்டேன்.

அப்புறம் என் ஃபங்ஷனைத் திறந்து T-ஐ TRUE என்று மாற்றினேன். TRUE-க்கு யாரும் வேறு மதிப்பு கொடுக்க முடியாது. அன்றைக்கே முழுசாக எழுதியிருக்கலாம். கூடுதலாக மூன்று எழுத்துதான்.

இதைத் தினேஷிடம் சொல்லப்போவதில்லை.