மீன மாதத்தில் வைத்த சோதனை

கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்திக்காக மேசை டிராயரைத் துழாவினால் நீ கொடுத்த ஜாம் பாட்டில்தான் கையில் தட்டுப்பட்டது. கடற்கரையிலிருந்து நீ அள்ளி வந்த கறுப்பு மணல் அதில் அப்படியே இருக்கிறது. செத்தும் என்னை விடமாட்டேன் என்கிறாயே, பாவி!

தம்பானூர் ஓட்டலில் நடந்த கருத்தரங்கில் நான் பேசினேன். நம் கடற்கரை மணலில் தோரியம் கிடக்கிறது, இருபது வருஷத்தில் அதிலிருந்து வரும் அணுமின்சாரம் வீட்டுக்கு வீடு ஓடும் என்றேன். நீ எழுந்து வந்து மைக்குக்கு முன்னால் இந்தப் பாட்டிலை வைத்தாய். "இந்தா உன் தோரியம். இதுல ஒரு சாயா போட்டுத் தா பாப்போம்." மண்டபமே சிரித்தது. கல்லூரியில் நாலு வருஷம் கூடப் படித்தவன் என்பதால் நானும் சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது.

நீ அதை அன்றே மறந்துவிட்டாய். வேலையை உதறிவிட்டுப் பொன்முடிக்குப் போய், எஸ்டேட் தொழிலாளர் லயத்து ஓடையில் ஒரு சின்ன டர்பைன் வைத்தாய். லயத்தில் அத்தனை வீட்டுக்கும் விளக்கு எரிய மின்வாரிய அதிகாரியான என் கையெழுத்து வேண்டியிருந்தது. சோதனைக்கு நாள் குறித்ததும் நான்தான். கீழே கல்லாற்றிலேயே தண்ணீர் வற்றிப் பாறை தெரிகிற மீன மாதம், பங்குனி வெயில். "கொஞ்சம் பொறு, எடவப்பாதி மழை வரட்டும்" என்று கெஞ்சினாய். தண்ணீர் குறைந்த நாளில்தான் பார்க்க வேண்டும், அதுதான் விதி என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது.

பல்பு பீடி நுனி மாதிரி சிவந்தது. லயத்து ஜனங்கள் சுற்றி நிற்க, "எரியுதான்னு பாக்க யாராவது ஒரு தீப்பெட்டி கொண்டு வாங்களேன்" என்றேன். என்னோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நீ மட்டும் "சாரமில்ல, பரவாயில்ல, மழை வரட்டும்" என்றாய்.

மழை வந்தது. அதற்குள் நான் ஃபைலை மூடிவிட்டேன். எப்படியாவது எரியவைத்துக் காட்ட வேண்டும் என்று, டர்பைன் குழாயில் அடைத்த சருகை எடுக்கத் தனியாகப் போய்ப் பாறையில் வழுக்கி விழுந்தாய். உன் சாவுக்கு நான் வரவில்லை. ஆபீசில் மீட்டிங் என்று சொல்லியனுப்பினேன். மீட்டிங்கும் கிடையாது. போன வாரம்கூட ஒரு கூட்டத்தில், தோரியத்துக்கு இன்னும் இருபது வருஷம் என்றுதான் பேசினேன். எவனும் பாட்டிலோடு எழுந்து வரவில்லை.

போன மாதம் நல்ல மழையில் பொன்முடிக்குப் போனேன். ஓடை குதித்து ஓடியது. உன் டர்பைன் துருவேறிக் கிடந்தது. லயத்தில் ஒரு அம்மாள் ஒதுங்க இடம் கொடுத்து, புகைகிற விறகடுப்பில் டீ வைத்தாள். என் நரைத்த தலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அந்த சார் இருந்திருந்தா இங்க லைட்டு எரிஞ்சிருக்கும்மா. ஒரு ஆபீசர் பொம்பள வேணும்னே வெயில்ல வந்து கெடுத்துட்டுப் போனா. அவ இப்ப எங்க இருக்காளோ?"

"செத்துப்போயிட்டா" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று டம்ளரை என் கையில் கொடுத்தாள். "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

நாக்கு வெந்தும் சொட்டு விடாமல் குடித்தேன். யாருக்கு டீ கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.