நேற்று மாலை நான்கு பத்துக்கு

செப்டம்பர் 4
மதியம் வகுப்பில் நுழைந்ததும் எல்லார் பேச்சும் நின்றது. ஒருத்தி போனை நீட்டினாள். என் பெயர், என் படம். ஆனால் நான் திறக்காத கணக்கு. அதில் நானே எழுதினது மாதிரி: “மாதத் தேர்வில் ஃபெயில். மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தை நானே போட்டேன். டீச்சருக்குத் தெரியவே இல்லை.”
கையெழுத்துப் போட்டது உண்மை. பொய்யாக இருந்தால் கத்தியாவது இருப்பேன்.
இதை நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம். வாலு. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். நேரில்கூட இல்லை, மெசேஜில்.

செப்டம்பர் 5
அந்தக் கணக்கிலிருந்து எனக்கே வந்தது: “இது சாம்பிள்தான். உன் சாட் மொத்தமும் என்கிட்ட இருக்கு.”
வாலு, தான் செய்யவில்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்தாள். குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்கினதா, மாட்டிக்கொண்டதால் நடுங்கினதா? எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 6
அக்காவிடம் சொல்லிவிட்டேன். பெரியப்பா மகள், காலேஜ் படிப்புக்காக இரண்டு வருடமாக எங்கள் வீட்டில், என் அறையில்தான் இருக்கிறாள். தலையைத் தடவிக்கொடுத்தாள். வாலு பார்வையே சரியில்லை என்று தனக்கு எப்போதோ தோன்றியதாம்.
ஸ்கூல் நோட்டீஸ் போர்டில் ஒரு ஹெல்ப்லைன் நம்பர் இருக்கிறது. ஆன்லைனில் யாராவது தொல்லை கொடுத்தால் ரகசியமாகப் பேசலாமாம். அதற்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன்.
“லூசா நீ? எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணுவாங்க. அடுத்த நிமிஷம் சித்தப்பாவுக்குத்தான் போன் வரும்.”

செப்டம்பர் 8
அந்தப் பதிவு பிரின்சிபல் கண்ணிலும் பட்டுவிட்டது, கூப்பிட்டார். ஒரு வாரத்தில் அப்பாவோடு வரணும். இல்லாவிட்டால் அவரே அப்பாவுக்குப் போன் செய்வார்.

செப்டம்பர் 9
வேறு வழியில்லாமல் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு. வேறு பெயர் சொன்னேன், ஒரு வயது குறைத்துச் சொன்னேன்.
எடுத்தது ஒரு பெண். அவசரமே படவில்லை. நான் அழுதபோது சும்மா இருந்தார். கடைசியில், “உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் வேற ஆள்கிட்ட பேசுவோம். அதையும் முடிஞ்சவரைக்கும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வோம். மத்தபடி நீ சொல்றது இங்கேயே இருக்கும்” என்றார்.
பார், முதலிலேயே ஒரு ஓட்டை வைத்துத்தான் பேசுகிறார்கள். அக்கா சொன்னது சரிதானோ?

செப்டம்பர் 10
இன்று ஒரு வேலை செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.
அம்மா குளிக்கப் போனதும் அவள் போனிலிருந்து அதே நம்பருக்குப் போட்டேன். குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, “என் பொண்ணு நேத்து உங்ககிட்ட பேசியிருக்கா. என்ன சொன்னா? நான் அவ அம்மா, எனக்குத் தெரியணும்” என்றேன். நேற்றைய பெண்ணேதான் எடுத்தார்.
“யார் பேசினாங்க, பேசலைன்னுகூட நாங்க சொல்றதில்லைம்மா. உங்க பொண்ணு மனசு விட்டுப் பேசணும்னா அதுக்கு எப்படி வழி பண்றதுன்னு வேணா சேர்ந்து யோசிக்கலாம்.”
மிரட்டிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை.

செப்டம்பர் 11
மறுபடி போட்டேன். நேற்று அம்மாவாகப் பேசினது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சிரித்தார். சோதிச்சுப் பார்த்தது நல்லதுதான் என்றார்.
அப்புறம் நான் யோசிக்காத ஒன்றைக் கேட்டார்: என் சொந்தக் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது? எங்கே போய்ப் பார்ப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொன்னார்.
இரண்டு இருந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று, கடைசியாகத் திறந்தது நேற்று மாலை நான்கு பத்துக்கு.
அது அக்காவுடைய போன்.
போன வருடம் என் போன் ரிப்பேருக்குப் போனபோது அவள் போனில் என் கணக்கைத் திறந்தேன். மூடவே இல்லை. நேற்று நான்கு பத்துக்கு அவள் எதிர்க் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்து, ஏன்டி முகம் வாடியிருக்கு என்று கேட்டாள்.
திரையை அப்படியே படம் பிடித்து வைத்தேன். அவர் சொன்னபடியே மற்ற இடத்திலெல்லாம் வெளியேற்றிவிட்டு பாஸ்வேர்டை மாற்றினேன். போலிக் கணக்கைப் பற்றியும் புகார் போட்டாயிற்று.
ஒருவேளை தெரியாமல் திறந்திருப்பாளோ? தெரியாம திறப்பாங்களா யாராவது?

செப்டம்பர் 12
காலையில் தலை வாரிக்கொண்டே அக்கா சாதாரணமாகக் கேட்டாள், “பாஸ்வேர்டு மாத்திட்டியா?”
மாற்றியதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பர் 14
நேற்று அம்மாவிடம் சொன்னேன். ஹெல்ப்லைன் பெண் ஸ்பீக்கரில் இருந்தார். அவர் பேசவே தேவைப்படவில்லை. அம்மா லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அந்தப் படத்தை ரிசல்ட் பார்க்கிற மாதிரி இரண்டு தடவை சரிபார்த்தாள். அப்புறம் முதலில் கேட்டது, “கையெழுத்து எப்படிடி அவ்வளவு அச்சு அசலா போட்ட?”
அப்பாவிடம் இரவில் அம்மாவே சொன்னாள். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, வா ஸ்கூலுக்குப் போகலாம் என்றார்.
அக்கா எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றே ஒன்று சொன்னாள்: “தினமும் சாப்பிடும்போது என் அரியரை எண்ணுவார் சித்தப்பா. உன் மார்க்கைச் சொல்லிட்டு எண்ணுவார்.”
அப்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.

செப்டம்பர் 17
போலிக் கணக்கு நீக்கப்பட்டது. அக்கா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வாலுவிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். ஆனால் பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள், எடுக்கவில்லை.

அக்டோபர் 2
அக்கா பெயரில் ஒரு மெசேஜ்: “மன்னிச்சிடு.”
உடனே நம்பவில்லை. பெயரும் படமும் இருந்தால் அது அந்த ஆளாகிவிடுமா? போன் போட்டேன்.
“இப்ப மெசேஜ் போட்டது நீதானா?”
“நான்தான்.”
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. 
“அதுவும் நான்தான்டி” என்றாள்.