புதன்கிழமை கடை பூட்டு

என் அன்புப் பவளம்,

நீர் கண்மூடி மூன்று வருடம். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் நம் கடை நிமிர்ந்து நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கென்று நீர் வறுத்து இடித்துக் கட்டிவைக்கும் சரக்குத்தூள் நினைவிருக்கிறதா? கடை அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க மிளகும் சீரகமுமாக மணக்கும். இப்போது மாதம் ஒரு பொட்டலம் போனால் பெரிய காரியம். இந்த நாட்டில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதுமுன்பே அந்தத் தட்டு எனக்குச் சொல்லிவிட்டது. அதில் இன்று முதியவர்களுக்கான சத்துமா விற்கிறேன். நன்றாகப் போகிறது. ஆனால் கடைக்கு ஆள் கிடைப்பதில்லை. இருக்கிற கொஞ்ச இளம் ஆட்களையும் ஆஸ்பத்திரிகளும் முதியோர் இல்லங்களும் இழுத்துக்கொள்கின்றன. நாளைக்கு இந்த இளம் ஆட்களின் ஓய்வூதியத்துக்கு உழைக்கப்போவது யார்?

நான் ஒரு பிழை விட்டேன், பவளம். நம் மகள் தேனுவின் மகனுக்கு இரண்டு வயதானதும், அவள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு சரக்குத்தூள் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு கடைக்கு வந்து, ஆட்களுக்கு முன்னாலேயே அதை மேசையில் போட்டாள்.

“இதென்னப்பா, விளம்பரமோ?”

“அவன் தனிச்சுப் போவான் பிள்ளை...”

“எனக்கும் ஆசைதான். ரெண்டையும் காப்பகத்தில விட்டா என்ர சம்பளம் முழுக்க அங்கதான். வேலையை விட்டா, திரும்பிப் போகேக்க என்ர இடத்தில வேற ஆள். தூள் தாறியள், கிழமையில ஒரு நாள் தருவியளோ?”

நாற்பது வருடம் பேரம் பேசியவன், பொட்டலத்தை எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்தேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே தேனுவை நீர் ஒருத்தியாகத்தானே வளர்த்தீர்? அதை இலவசம் என்றல்லவா எண்ணியிருந்தேன்!

கதவில் எழுதி ஒட்டினேன்: புதன்கிழமை கடை பூட்டு.

“என்ன அண்ணை, கடையை விக்கப் போறியளோ?” என்று சாமான் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

“இல்லையடா, பிள்ளை பார்க்கப் போறன்.”

இந்த வசந்தத்தில் பேத்தி பிறந்தாள். சரக்கை நானே இடித்துக் கறி வைத்தேன். “அம்மாட கைப்பக்குவம் இல்லை, மிளகு கூட” என்றாள் தேனு. சொல்லிவிட்டு இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். வேலையையும் விடவில்லை. அதைச் சொல்லும்போது என் நெஞ்சு எவ்வளவு நிமிர்கிறது தெரியுமா?

சின்னவள் பள்ளிக்கூடம் போகும்வரை, எந்தப் புதன்கிழமையும் நம் கடை திறக்காது. இது உமக்கு நான் தரும் வாக்கு.

உம்முடைய மனிசன்,
இரண்டு பிள்ளைகளின் புதன்கிழமை அம்மப்பா