மீனுக்குத் தொப்பி அணிவித்த காரணம்

அனுப்புநர்:
திருமதி கனகேஸ்வரி சிவகுருநாதன்,
இலக்கம் 14-A, மேல்மாடிப் பின்னறை,
ரயில் பாதை ஓரம், பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

பெறுநர்:
உயர்திரு சண்முகரத்தினம் அவர்கள்,
நிலையப் பொறுப்பதிகாரி,
பழைய படகுத்துறைக் காவல் நிலையம்,
கிள்ளான்.

பொருள்: 15.10.1989 ஞாயிறு பகல் குளிர்கிடங்கு வாசலில் தொப்பி அணிந்த மீனுடன் நாங்கள் பிடிபட்டது, அதன் உண்மைக் காரணம், மற்றும் என் கணவர் பெயரில் உள்ள திருட்டுப் பதிவை நீக்கக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. தமிழில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மலாயில் தட்டச்சு செய்த மனு ஒன்றும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதை அடித்துத் தந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் மீனுக்குத் தொப்பி என்ற இடம் வந்ததும் தட்டச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு அதை எழுதினால் மனுவுக்கு மரியாதை இருக்காது என்று தாமாகவே விட்டுவிட்டார். போன வாரம் நிலையத்துக்கு வந்தபோது புதிய பெயர்ப்பலகையில் தங்கள் தமிழ்ப் பெயரைப் பார்த்தேன். அந்தத் துணிவில்தான் இதை என் கைப்பட எழுதுகிறேன்.

2. நானும் என் கணவர் சிவகுருநாதனும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள். அவர் கோலாலம்பூரில் ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞராக வேலை செய்கிறார். வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய வேலை பெர்மிட் இவ்வருடம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது, இனி நீட்டிக்க மாட்டார்கள். கனடாவில் வின்னிபெக் என்னும் நகரத்தில் இருக்கும் என் அண்ணன் கனகலிங்கம் எங்களைக் கூப்பிட்டுக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறார். டிசம்பர் 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தூதரகத்தில் எங்களுக்கு நேர்முகம். அன்று கையில் இருக்க வேண்டிய தாள்களில் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் தயார். இல்லாத அந்த ஒன்று என் கணவரின் நன்னடத்தைச் சான்றிதழ். தங்கள் நிலையத்தில் அவர் பெயரில் ஒரு திருட்டு விசாரணை முடியாமல் கிடப்பதால் அதைத் தர முடியாதென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

3. ஐயா, என் கணவர் கடையில் மிச்சக் காசு ஐந்து சென் கூட வந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க மழையில் நடந்து போகிறவர். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அவரோடு குடித்தனம் நடத்துவதில் உள்ள சிரமமாகவே சொல்கிறேன். இப்படிப்பட்டவர் மூன்று கிலோ மீனைத் திருடினார் என்று எழுதிவைத்திருப்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

4. அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் குளிரைப் பற்றித்தான் எழுதுவார். அங்கே தை மாதத்தில் சுழியத்துக்குக் கீழே முப்பது பாகையாம். மூக்குக்குள் இருக்கும் மயிர்கூட விறைக்குமாம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போய் இருபதாம் நாளே அழுதுகொண்டு திரும்பிவிட்டானாம். பயப்படாதே என்று முடிப்பார். இவ்வளவையும் எழுதிவிட்டுப் பயப்படாதே என்றால் எப்படி, ஐயா? நான் அறிந்த பெருங்குளிர் மார்கழி விடியற்காலையில் கிணற்றடியில் குளிப்பதுதான். அண்ணன் பார்சலில் அனுப்பிய பழைய கம்பளிக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அதன் கீழே நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் வியர்க்குருதான் வந்தது.

5. செப்டம்பர் தொடக்கத்தில், விமானத்துக்குப் பெட்டிகளின் எடை சரியா என்று பார்க்க அவற்றைப் பாசார் என்னும் சந்தைக்குத் தூக்கிச் சென்றோம். அங்கே மீன் மொத்த வியாபாரி நூர் முகம்மது என்பவரிடம்தான் பெரிய தராசு உண்டு. தட்டைத் துடைத்துத்தான் நிறுத்துக் கொடுத்தார், ஆனாலும் ஒரு பெட்டியில் இன்றும் மீன் வாசம் போகவில்லை. எங்கே பயணம் என்று கேட்டார். நான் கனடா என்று ஆரம்பித்துக் குளிரில் கொண்டுபோய் முடித்தேன். அவர் உடனே, "அட, கனடா கிள்ளான்லயே இருக்கு தங்கச்சி, ஞாயித்துக்கிழமை நம்ம லோரியில ஏறுங்க" என்றார்.

6. அவர் சொன்ன கனடா, கிள்ளானில் அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் குளிர்கிடங்கு அறை. சுழியத்துக்குக் கீழே பதினெட்டு. முப்பதுக்குப் பதினெட்டு பழுதில்லை என்று நினைத்தோம். முதல் ஞாயிறு இரண்டாவது நிமிடமே நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அன்று காவலில் இருந்த வேலாயுதம் என்பவர் எனக்குச் சூடாகத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். அடுத்த ஞாயிறு நான்கு நிமிடம். பிறகு ஏழு. என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய மூக்குக்கண்ணாடி வெளியே வந்ததும் வெள்ளையாகிவிடும், அவரைக் கைபிடித்துத்தான் கூட்டிவர வேண்டும். ஐந்தாவது ஞாயிறு பத்து நிமிடம் நின்றோம். நின்றதோடு விடவில்லை. கையுறையோடு பொத்தான் போடுவது, சாவியால் பூட்டுத் திறப்பது, செருப்பு வார் மாட்டுவது எல்லாம் பழகினோம். அன்று லோரியில் திரும்பும்போது இனி வின்னிபெக் என்னை என்ன செய்துவிடும் என்று வாய்விட்டே சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

7. ஆறாவது ஞாயிறுதான் 15.10.1989. நூர் முகம்மது அவர்கள் உறவினர் திருமணத்துக்காகப் பினாங்கு சென்றிருந்தார். அறைச் சாவியை எங்களிடம் தந்து, உள்ளே இருப்பதில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பழகுங்கள், பிறகு அதே இடத்தில் வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். வேலாயுதத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் அன்று வேலாயுதத்துக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக விஜயன் என்ற புதியவர் நின்றார். அவருக்கு எங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

8. பகல் பன்னிரண்டு மணி. கிள்ளான் வெயில் தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வெயிலில் முழங்கால்வரை கோட்டும், கையுறையும், கண் மட்டும் தெரிய முகத்தில் சால்வையும் கட்டிய இரண்டு பேர், துண்டில் சுற்றிப் பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிடங்கிலிருந்து வெளியே வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? விஜயன் முதலில் எங்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்றே எண்ணினார். "புள்ளையத் தூக்கிட்டுப் போறாங்க, ஓடியாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையே எழுந்து வந்தது. ஓடிவந்து துண்டை விலக்கிப் பார்த்தார். "அட கடவுளே, தெங்கிரி லா!" என்றார். எங்கள் ஊரில் அந்த மீனை அறக்குளா என்போம். ஆக, ஒரே நிமிடத்தில் பிள்ளைத் திருட்டு நீங்கி மீன் திருட்டு எங்கள் தலையில் விழுந்தது. விஜயன் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. உண்மையிலேயே ஒரு பிள்ளை பறிபோயிருந்தால் அவரைப் போல ஓடிவரும் ஆள்தான் வேண்டும்.

9. நிலையத்தில் என்ன நடந்தது என்பது தங்களிடம் உள்ள ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. குளிர் பழகப் போனோம் என்று என் கணவர் சொன்னார். சிரித்தார்கள். சரி, குளிர் பழக மீன் எதற்கு, மீனுக்குத் தொப்பி எதற்கு என்று கேட்டார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. "சந்தேக நபர் தகுந்த காரணம் கூறவில்லை" என்று எழுதி, அவரிடமே கையொப்பம் வாங்கிக்கொண்டு எங்களை விட்டார்கள்.

10. தகுந்த காரணம் இருந்தது, ஐயா. அப்போது நான் மூன்றாம் மாதக் கர்ப்பிணி.

11. எங்களுக்குச் சித்திரையில் பிள்ளை பிறக்கும். வின்னிபெக்கில் சித்திரையிலும் தெருவோரம் பனி கிடக்குமாம். விறைத்த கையால் பிள்ளையை நழுவவிட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு இரவும் பகலும் இருந்தது. அண்ணன் வீட்டில் பிறந்த பிள்ளை மூன்று கிலோ. அறையில் சரியாக மூன்று கிலோ எடையில் இருந்தது அந்த மீன்தான். துண்டில் சுற்றினேன். தொப்பி போட்டேன். மீனுக்குக் கழுத்து இல்லாததால் தொப்பி நிற்கவில்லை, நாடாவை இழுத்துச் செவுளுக்குக் கீழே கட்டினேன். வீட்டிலிருந்து காருக்குத் தூக்கிப் போவது போல உள்ளேயிருந்து வெளியே நடந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, உள்ளே திரும்ப வேண்டும் என்பது எங்கள் திட்டம். திரும்பத்தான் விடவில்லை. ஆனால் அவ்வளவு அமளியிலும் நான் அதைக் கீழே போடவில்லை. இதை விஜயனும் சாட்சி சொல்வார்.

12. இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் நிறையும்வரை இதை வெளியே கதைப்பதில்லை. என் அண்ணனுக்குக்கூட அப்போது தெரியாது. முன்பு ஒருமுறை, ஊரில் இருந்தபோது, இரண்டாம் மாதமே பூரிப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாதம் உதிரம் கண்டது. ஆஸ்பத்திரி நான்கு மைல்தான், அன்று சண்டையில் வழி அடைத்துக் கிடந்தது. சொன்னதால்தான் போயிற்று என்று படித்தவள் நான் நம்பக் கூடாது. ஆனாலும் முன்பின் தெரியாத ஏழு ஆண்களுக்கு நடுவில், ஒரு மீனைக் காட்டி, இது என் பிள்ளைக்கு ஒத்திகை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வாயை மூடியவள் நான். திருடன் என்ற பெயர் என் கணவருக்கு வந்தது. இந்த ஆறு வாரத்தில் ஒரு வார்த்தைகூட அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கமுடியாமல் இருக்கிறது.

13. பினாங்கிலிருந்து திரும்பிய மறுநாளே நூர் முகம்மது அவர்கள் நிலையத்துக்கு வந்து, மீன் தம்முடையது, தம் அனுமதியோடுதான் எடுக்கப்பட்டது, தமக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். விஜயனும் வந்து, தாம் தவறாக எண்ணிவிட்டதாகச் சொல்லிக் கையொப்பம் இட்டார். இரண்டையும் வாங்கி வைத்தவர்கள் இதுவரை பதிவைத் திருத்தவில்லை. இதுதான் என் புகார். நான் நான்கு முறை வந்தேன். நான்கு முறையும் முகப்பில் இருந்தவர் "மிங்கு டெப்பான்" என்றார். அடுத்த வாரம் என்று பொருளாம். இரண்டு வருடத்தில் மலாயில் இவ்வளவு தெளிவாக வேறு எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் டிசம்பர் 12க்குப் பிறகு எனக்கு அடுத்த வாரம் கிடையாது. மீனைப் பற்றி நான் ஏதும் கேட்கப்போவதில்லை. அன்று மாலை நாங்கள் புறப்படும்போது நிலையத்தின் பின்பக்கமிருந்து நல்ல குழம்பு வாசம் வந்தது. மீன்காரருக்கே வருத்தம் இல்லாதபோது எனக்கென்ன?

14. இந்தத் தாள் இல்லாமல் நேர்முகத்துக்குப் போனால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெர்மிட் முடிந்தால் ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆஸ்பத்திரிக்கு வழி திறந்திருக்கிறதா என்பது அன்றன்று காலையில்தான் தெரியும். ஒரு பிள்ளையை அந்த வழியில் விட்டுவிட்டேன். இன்னொன்றை விட எனக்கு மனம் இல்லை, ஐயா. முப்பது பாகைக் குளிர் எவ்வளவோ மேல்.

15. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) என் கணவர் சிவகுருநாதன் பெயரில் உள்ள பதிவில், இணைப்பில் கண்ட கடிதங்களின்படி, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று எழுதி முடித்துவைக்க வேண்டும்.

(ஆ) அதை நன்னடத்தைச் சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு டிசம்பர் 8ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும்.

(இ) சான்றுப் பொருள் என்று எடுத்து வைத்துள்ள பச்சைக் கம்பளித் தொப்பியை, நாடாவுடன், திருப்பித் தர வேண்டும். வேறொன்று பின்னிக்கொள்ளக் கூடாதா என்று தோன்றலாம். அது என் கணவருடைய ஒரே கம்பளிச் சட்டையின் இடது கையைப் பிரித்துப் பின்னியது. வலது கையையும் நான் பிரித்துவிட்டால் அவர் அங்கே எப்படி நிற்பார்?

16. வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் தங்களைக் காண நேரில் வருவோம். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம் தொடங்கிவிட்டது. நேற்று இரவு அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். இனி இதை மறைக்கவும் முடியாது, மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை. தொப்பி யாருக்கு என்று தாங்கள் ஒருமுறை கேளுங்கள். நிலையத்தில் எத்தனை பேர் நின்றாலும் இந்தத் தடவை நானே வாய் திறந்து சொல்கிறேன்.

பணிவோடும், கொஞ்சம் அவசரத்தோடும்,

(ஒப்பம்)
கனகேஸ்வரி சிவகுருநாதன்

மேற்கூறியவை யாவும் உண்மை. ஐந்து சென் விடயம் தேவையில்லாதது.
(ஒப்பம்)
சிவகுருநாதன்

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 27.11.1989

இணைப்பு: மலாய் மனு, நூர் முகம்மது அவர்களின் கடிதப் பிரதி, விஜயனின் கடிதப் பிரதி, மருத்துவரின் சீட்டு.