ஒன்பதாவது தலை

மார்ச் 3, செவ்வாய்

மூன்று பிள்ளைகளுக்குச் சளி. இரண்டு பேருக்குப் பல் முளைக்கிறது. ஒருவன் அடுத்தவன் காதைக் கடித்துவிட்டான். கடிபட்டவனின் அம்மா மாலையில் வந்து விளக்கம் கேட்டாள். “பல்லு வந்தா கடிக்கத்தாம்மா செய்யும்” என்றேன். முறைத்துக்கொண்டே போனாள். பதினேழு வருஷமாக வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைக் காப்பகத்தில் இதே பஞ்சாயத்துதான்.

அவள் போகும்போது கதவு திறந்ததால் வழக்கம்போல ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினேன். காப்பகம் தொடங்கிய வருஷம் ஒரு பிள்ளை திறந்த கதவு வழியாக நழுவி நடுத்தெரு வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து யார் கதவைத் திறந்தாலும் எண்ணுவேன், வாய்விட்டு. என் உதவியாள் சின்னவளுக்கும் அப்படியே பழக்கிவிட்டேன்.

தபாலில் காப்பகங்களுக்கான புதுச் சட்டத்தின் நகல் வந்திருக்கிறது. ஏப்ரல் ஒன்றிலிருந்து அமல். இரண்டு வயதுக்குக் கீழே நான்கு குழந்தைகளுக்கு ஓர் ஆள். எட்டுப் பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். சரியாக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

சரியாக இல்லை.

பதினோராம் பிரிவு: பணியாளரின் சொந்தக் குழந்தையும் எண்ணிக்கையில் சேரும். சின்னவளின் மகள் பட்டாணிக்கு ஒன்றரை வயது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து அம்மா இடுப்பிலேயே வேலைக்கு வருகிறாள். ஆக, ஒன்பது.

அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கியவள் நான்! இரண்டு வருஷத்துக்கு முன் சட்டம் எழுதுகிறவர்கள் கூட்டம் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அப்போது தெருமுனைக் காப்பகத்தில் ஒரு குழந்தை மாடிப்படியில் உருண்டிருந்தது. பதினான்கு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பெண். கேட்டதற்கு, பாதிப்பேர் என் சொந்தக்காரப் பிள்ளைகள் என்றாள். நான் மைக்கைப் பிடித்து, “சொந்தப் பிள்ளைன்னா எண்ண மாட்டீங்களா? விழுந்தா அதுக்கும்தானே அடிபடும்?” என்றேன். கைதட்டினார்கள். சின்னவள் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினாள். அப்போது பட்டாணி பிறக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டது நீதான்” என்று சொல்லிவிட்டு பேப்பரைப் புரட்டினார். சொன்னது பொய்யா? இல்லை. ஆனாலும் எரிச்சலாக வந்தது.

மார்ச் 16, திங்கள்

மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. சட்டம் கேட்கிற சான்றிதழ் உள்ளவர்கள் பெரிய பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். எட்டில் ஒன்றைக் கழிப்பதென்றால் எதை? எட்டு வீட்டிலும் அம்மாக்கள் வேலைக்குப் போகிறவர்கள்.

“நானும் பட்டாணியும் நின்னுடவாக்கா?” என்றாள் சின்னவள்.

“நீ ஏண்டி நிக்கணும்? நான் பாத்துக்கறேன்.”

என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்!

ஏப்ரல் 8, புதன்

நாளை ஆய்வாளர் வருகிறார். திட்டம் இதுதான்: பட்டாணிக்குச் செருப்புப் போட்டு, கதவோரம் பையுடன் உட்கார வைப்பது. அம்மாவைப் பார்க்க வந்தாள், சித்தி வந்து கூட்டிப் போவாள் என்று சொல்வது. இந்த வயசில் இந்த வேஷம்.

ஏப்ரல் 9, வியாழன்

எப்படி எழுதுவது?

ஆய்வாளர் சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். தொட்டில்களுக்கு நடுவே அளவுநாடா பிடித்தாள், பால் புட்டிகளை முகர்ந்து பார்த்தாள். பட்டாணியைப் பற்றிச் சின்னவள் சொன்னதற்குச் சிரித்துத் தலையாட்டினாள். படிவத்தில் எட்டு என்று எழுதிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன், எட்டுதான்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிறவர் கதவைத் திறந்தார்.

என் கை அதுபாட்டுக்குப் போனது. “ஒண்ணு, ரெண்டு, மூணு...” வாயும் அதுபாட்டுக்குப் போனது. பட்டாணியின் தலையில் கை வைத்து “ஒம்போது” என்று முடித்த பிறகுதான் ஆய்வாளரின் பேனா படிவத்தின் மேல் நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

“தினமும் இப்படி எண்ணுவீங்களாம்மா?”

“ஆமா.”

“தினமும் ஒம்போதுதான் வருமா?”

சின்னவள் தலை குனிந்துகொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும். தவளைக்காவது கத்துவதில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

இரண்டு வாரம் கெடு. ஒரு குழந்தை குறைய வேண்டும், இல்லையென்றால் உரிமம் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன். பட்டாணியை வேறு எங்கேயாவது விடு என்று நானே, என் வாயால். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“அன்னிக்கு நானும்தானேக்கா கைதட்டினேன்.”

ஏப்ரல் 15, புதன்

மூன்று நாளாக அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தியிடம் பட்டாணியை விடுகிறாள். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு டிவி. நேற்று மாலை, காலையில் கட்டிவிட்ட துணியோடேயே இருந்ததாம் குழந்தை. தொடையெல்லாம் சிவந்து போயிருக்கிறது.

“அங்கெல்லாம் சட்டம் வராதாக்கா?” என்று கேட்டாள். அந்த நேரத்தில் என் பிள்ளைகளில் ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் புட்டி கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

சின்னவள் நின்றுவிட்டாள்.

ஏப்ரல் 27, திங்கள்

ஓர் ஆளுக்கு நான்கு. ஆகவே நான்கு பேரை அனுப்ப வேண்டும். ஒரு தலையை மறைக்கப் போய் ஐந்து தலை போனது.

காது கடிபட்டவனின் அம்மாதான் முதலில் அழுதாள். “நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கும்மா. நான் இவன எங்க கொண்டு போவேன்?”

ஒரு சீட்டில் சின்னவளின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவதாக அவள் சொல்லியிருந்தாள்.

“உரிமம் இருக்கா?”

“இல்ல. ஆனா எண்ணத் தெரியும்.”

மற்ற மூன்று பேருக்கும் அதே சீட்டுதான்.

மே 19, செவ்வாய்

அரை நாள் விடுப்பு விட்டுவிட்டு அங்கே போனேன். முதல் மாடியில் ஒற்றை அறை. படி முகப்பில் மரத்தடுப்பு, அதை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த முடிச்சு.

கதவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, தலைகளைத் தொட்டு எண்ணினாள். அஞ்சு. பட்டாணியையும் சேர்த்துத்தான். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

“வாங்க மேடம்” என்றாள்.

ஆறு வருஷம் அக்கா, அக்கா என்று கூப்பிட்ட வாய்.

பட்டாணி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தொடைச் சிவப்பு ஆறியிருக்கிறது. உட்காரச் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஒருத்திக்கு ஐந்து, ஒன்று அதிகம் என்று மனசு கணக்குப் போட்டது. பாழாய்ப் போன மனசு.

மே 28, வியாழன்

உரிமம் வந்தது. அதே ஆய்வாளர் கொண்டுவந்தாள். அவள் கதவைத் திறந்ததும் எண்ணினேன், நான்கு. “இப்ப சரியா இருக்கும்மா” என்று பாராட்டிவிட்டு, கடைசியாக ஒரு படிவம் நீட்டினாள். உங்கள் பகுதியில் உரிமம் இல்லாத காப்பகம் ஏதேனும் நடப்பது தங்களுக்குத் தெரியுமா?

“இல்லை” என்று எழுதினேன். பேனா சரியாக எழுதவில்லை. உதறிவிட்டு, அதன் மேலேயே அழுத்தி இன்னொரு தரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.