நான் எழுதிய பிறகு பெஞ்சுக்குக் கம்பி போட்டார்கள்

என் சரோஜா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன் பக்கத்தில் வந்து உட்காராதவன் இப்போது கடிதம் எழுதுகிறானே என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரி அக்கா, தப்பில்லை.

காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று நீ சொன்னபோது பேயோட்டினோம். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நீ வந்து நிற்கவில்லை என்று தேயிலைத் தோட்டத்தில் உன் பேரை வெட்டினார்கள். பேர் இல்லாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா எதற்கு என்று கதவுக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். இருபது வருஷம் கொழுந்து பறித்தவள் நீ. கால் முறிந்திருந்தால் லீவு கொடுத்திருப்பார்கள். மனசுக்கு முடியாமல் போனால் மட்டும் ஏன் தெருவில் விடுகிறார்கள்?

அப்புறம் டவுன் பஸ் ஸ்டாண்டில் இருந்த நீளப் பெஞ்சுதான் உனக்கு வீடு.

நான் என்ன செய்தேன்? பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். ‘உறவென்று சொல்ல யாருமில்லாத ஒரு பெண்’ என்று ஆரம்பித்தேன். உன் கூடப்பிறந்தவன் எழுதிய வரி அது. ராகலையிலிருந்து என் மகளை, உன் மருமகளை, பெண் கேட்டு வந்திருந்தார்கள். இப்படி ஒரு அத்தை இருப்பது தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பாராட்டு. “கண்ணு கலங்கிருச்சு சேர். என்ன நடை!” என்றார் கூட வேலை செய்கிறவர். நடையாம். அந்தப் பெண் சாப்பிட்டாளா, மருந்து எடுத்தாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் யாரும் படுக்க முடியாதபடி அந்தப் பெஞ்சின் நடுவே இரும்புக் கம்பிகளைப் பதித்தார்கள். எழுத்து சமூகத்தை மாற்றும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நான். மாற்றியது, பார். கேட்க நாதியில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், விரட்டுவதற்கு அவர்களுக்கு என்ன தயக்கம்? மார்க்கெட் வாசலில் மழையில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி நீ செத்துப்போனாய்.

இப்போது நம் லயத்தில் இன்னொருத்தி. புருஷன் செத்ததிலிருந்து பேச்சில்லை, வேலைக்கும் வருவதில்லை. அவளைக் கேட்காமல் அவள் பேரை எழுத எனக்கு உரிமையில்லை. வருகிற திங்கட்கிழமை அவள் பேரையும் வெட்டப் போகிறார்களாம்.

உன்னோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த மாரியாயி அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் என் பழைய கட்டுரை.

“யாரோ ஒரு பொம்பளைன்னு போட்டிருக்கீங்களே தம்பி, நல்லாவா இருக்கு? யாரோ ஒருத்திக்காக யாரு போய் நிப்பா?”

கட்டுரையை என் முன்னால் விரித்து வைத்தார்.

“வாத்தியாரு தம்பியே சும்மா இருக்காரு, நமக்கென்னன்னு நாங்களும் இருந்துட்டோம். எங்க மேலயும் தப்புதான். இந்தப் புள்ளைக்கு அண்ணன் தம்பின்னு யாருமில்ல. நாங்க தோட்டத்துத் தொரைகிட்ட போய் நிக்கப் போறோம். சரோஜாவுக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. ஒங்க பேரப் போட்டுக் குடுங்க.”

எனக்குக் கோபம் வந்தது அக்கா. அவர் மேல் அல்ல. படித்தவன் என்று உலகமெல்லாம் சொல்லும் என் மேல்.

எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வருகிறது. மறுநாள் காலை அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெண்கள் பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். அவள் பேரை வெட்டினால் ஒருத்தியும் மலைக்கு ஏறுவதில்லை என்று முடிவு. ராகலைக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டேன். நானும் அங்கே வந்து நிற்பேன். தோட்டத்துப் பிரச்சினையில் தலையிட நீங்கள் யார் என்று தொரை கேட்பார். அவருக்குச் சொல்லப்போகும் பதிலைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சரோஜாவின் தம்பி,
சிவலிங்கம்