ஐந்தாம் நம்பர் வாஷர்

ஜூன் 8, ஞாயிறு

சைக்கிளில் இருபத்திரண்டு கிலோமீட்டர், அப்புறம் ஒரு மணி நேர ஏற்றம். எதற்கு? ஒரு பாறை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதன் அடியில் பத்துப் பேர் படுக்கலாம். கூரையில் பழைய புகைக்கறை. என் முழங்கால் இரண்டும் போச்சு.

மாப்பிள்ளைக்கு மட்டும் வாயெல்லாம் பல். "மச்சான், இங்க யாரோ குடும்பம் நடத்தியிருக்காங்க, பாருங்க!" தங்கையைக் கட்டிய மனிதர் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். இந்தக் கூட்டத்தில் என்னை இழுத்துவிட்டதே அவர்தான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறேனாம், உடம்பு துருப்பிடித்துவிடுமாம்.

பக்கத்தில் ஒரு சின்னக் குகைக்குள்ளும் போனோம். ஆறு பேர், ஆறு வாஷர். நம்பர் எழுதிய இரும்பு வாஷரை உள்ளே போகிறவர் வாசலில் உள்ள கம்பியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். கம்பி காலியானால்தான் கிளம்பலாம். ரிட்டயரான தபால்காரர் போட்ட சட்டம் இது, அவர்தான் எங்களுக்குத் தலைவர். மாப்பிள்ளை இதுவரை இரண்டு வாஷர் தொலைத்திருக்கிறார். அதனால் அவருடைய ஐந்தாம் நம்பரை இப்போதெல்லாம் நானே எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் கொடுக்கிறேன். தபால்காரருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. முழங்கால். தங்கை வீட்டின் மேல் அறையில் படுத்துக்கொண்டு, கீழே அவளும் மாப்பிள்ளையும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

போகும் வழியில் மாப்பிள்ளையின் சைக்கிள் செயின் அறுந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டறையில் விட்டுவிட்டு, மேல்வழியாக நடந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். திரும்பும்போதும் அதே வழியில் தனியாகப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். நீளமான குகை, நடுவில் தவழ்ந்து போக வேண்டிய இடம், அடியில் ஒரு ஓடை. நான் பாதியில் திரும்பிவிட்டேன். வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கம்பியில் மூன்று வாஷர் இருந்தன: என்னுடையது, அவருடையது, தபால்காரருடையது. மேல்வழியில் ஒரு சிவப்பு ஜாக்கெட் ஏறிப் போவது தெரிந்தது. மாப்பிள்ளைதான், வழக்கம்போல வாஷரை மறந்துவிட்டுப் போகிறார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

தபால்காரர் கடைசியில் வந்தார். கம்பி காலி. "மாப்பிள்ளை?" என்றார். "மேல்வழியா போயிட்டார், நானே பார்த்தேன்" என்றேன்.

நானே பார்த்தேன்.

சாயங்காலம் ஆகியும் அவர் வரவில்லை. தங்கை பட்டறைக்குப் போன் போட்டாள். சைக்கிள் அங்கேயே நிற்கிறதாம். நாங்கள் திரும்பிப் போனபோது தண்ணீர் குகை வாசல் வரை வந்திருந்தது. இன்று காலை பத்து மணிக்கு மீட்புக்காரர்கள் அவர் உடலை வெளியே கொண்டுவந்தார்கள்.

தபால்காரர் அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னார்: "கம்பி காலியா இருந்துச்சு. வெளிய வந்து வாஷரை எடுத்துட்டு, எதையோ மறந்து திரும்ப உள்ள போயிருக்கார்." என் பேன்ட் பையில் ஐந்தாம் நம்பர் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததை நான் பார்த்தேனே, யார் எடுத்தால் என்ன? அவர் திரும்ப உள்ளே போனது போனதுதானே?

ஜூன் 24, செவ்வாய்

துக்கம் கேட்க வந்த பல் டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் கூட்டத்தில் அவர் நாலாம் நம்பர். "மேகத்தைப் போட்டோ எடுக்க அந்த மேல்வழியில கொஞ்ச தூரம் நானும் போனேன். என் கண்ல அவர் படவே இல்லையே" என்றார்.

பல் டாக்டரின் ஜாக்கெட்டும் சிவப்புதான்.

ஐயோ. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார்: "வெளிய வந்ததை நீங்க பார்த்தீங்களா?" பார்த்தேன் என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். இரண்டே நிமிஷம். சொல்லியிருக்கலாம். இந்த வீட்டை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? தங்கை கையால் சாப்பிட்டு, அவள் பெண்ணைத் தோளில் தூக்கி... சொன்னால் எல்லாம் போய்விடும். கோழை. கோழைதான், வேறென்ன.

ஜூலை 3, வியாழன்

தங்கை அவருடைய சட்டைகளை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள். யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். "ஒண்ணாவது வெச்சுக்கோம்மா" என்றேன்.

"எதுக்குண்ணா? வெளிய வந்த மனுஷன் திரும்ப ஏன் உள்ள போனார்? வீட்ல ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்கோம்னு ஒரு நிமிஷம் நெனச்சாரா? அந்தப் பாழாப்போன குகைதானே அவருக்குப் பெருசு."

அழவில்லை அவள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 4, வெள்ளி

கடையில் வலது லென்ஸை இடது பக்கத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி முறைத்தார்.

ஜூலை 19, சனி

தங்கை பெண் குட்டி இன்று மேலே வந்தாள். ஒன்பது வயசு. என் மேஜையில் கிடந்த ஸ்க்ரூக்களை நிறம் வாரியாகப் பிரித்துக்கொண்டே கேட்டாள், "மாமா, அப்பாவுக்கு எங்களைப் பிடிக்காதா?"

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. வெளிய வந்துட்டு திரும்பிப் போயிட்டாரே."

அவளைக் கீழே போகச் சொல்லிவிட்டேன். செத்துப்போன மனிதரின் பெண்ணிடமிருந்து அவரைத் திருடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன். நாளைக்கே.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாஷரைப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு ஜாக்கெட், பல் டாக்டர், விசாரணை, ஒன்றும் விடாமல் சொன்னேன். "அவர் வெளிய வரவே இல்லம்மா. நான்தான் எடுத்தேன்." மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. குட்டியின் பாவாடை ஒன்றை மூன்று தடவை மடித்தாள்.

கடைசியில் கேட்டாள்: "அவர் டார்ச் எவ்வளவு நேரம் எரியும்?"

"நாங்க கிளம்பின பிறகும் ஆறு மணி நேரம் எரிஞ்சிருக்கும்."

"நீங்கல்லாம் எப்பக் கிளம்பினீங்க?"

"மூணு மணி இருக்கும்."

"அப்ப ஒன்பது வரைக்கும் வெளிச்சம் இருந்திருக்கும்." பாவாடையை மடியில் வைத்துக்கொண்டாள். "கம்பியில தன் வாஷர் இருக்கு, எப்படியும் தேடி வருவாங்கன்னு நெனச்சிருப்பார்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "மேல் ரூமை எப்பக் காலி பண்றீங்க?"

பிறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள்.

ஜூலை 22, செவ்வாய்

விசாரணை அதிகாரியிடம் போய் மாற்றி எழுதிக் கொடுத்தேன். கூப்பிடும்போது வர வேண்டுமாம். அங்கிருந்து தபால்காரர் வீட்டுக்குப் போனேன். கேட்டு முடித்ததும், "அவனவன் கையால எடுக்கிற வரைக்கும் கம்பியில கெடக்கட்டும்னுதானே சட்டம் போட்டேன்... பாவி, ஒரு மாசமா நான் தூங்கல" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புது அறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போவின் சுவர். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

மதியம் கடையில் தலை நிமிர்ந்தால் தங்கை நிற்கிறாள். அவள் கையைப் பிடித்தபடி குட்டி. இந்தத் தெருவில் மட்டும் நாலு கண்ணாடிக் கடை. ஏன் இங்கே வந்தாள்? தெரியவில்லை.

"பொண்ணுக்குப் போர்டுல எழுதுறது தெரியலையாம். கண்ணு டெஸ்ட் பண்ணணும் சார்."

சார்.

"உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எழுத்து அட்டையில் குட்டி ஐந்தாவது வரிக்குக் கீழே தடுமாறினாள். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசி வரியைக் கடகடவென்று படித்துவிட்டு, சோதனைக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, அப்பா திரும்ப உள்ள போகலையாமே. நாங்க வருவோம்னு காத்துக்கிட்டுத்தான் இருந்தாராம். அம்மா சொன்னாங்க."

"ஆமாடி" என்றேன். "காத்துக்கிட்டுத்தான் இருந்தார்."

வெளியே வந்து பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதினேன். செவ்வாய்க்கிழமை ரெடியாகிவிடும் என்றேன். தங்கை பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"இனிஷியல் போடலையே சார்."

குட்டியின் பெயருக்கு முன்னால் மாப்பிள்ளையின் முதல் எழுத்தைப் போட்டேன். சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.